கார்ப்பஸில் நாலு லட்சம்: சோலாரா, வெள்ளைக் கூரையா, சார்ஜிங்கா, உரத்தொட்டியா?

குடியிருப்போர் சங்கப் பொருளாளர்கள் இரண்டு பேர் சந்தித்துக்கொண்டால் முன்பெல்லாம் "லிஃப்ட் பராமரிப்புக்கு வருஷம் எவ்வளவு கட்டுறீங்க?" என்பதுதான் முதல் பேச்சு. இப்போது "சோலார் போட்டாச்சா?" அதற்கடுத்து, கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "கையில இவ்வளவுதான் இருக்கு, எதை முதல்ல பண்றது?" இதே கேள்வியை என்னிடம் கேட்டவர்கள் ஒரு டஜன் தேறுவார்கள். எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. எங்கள் கட்டடத்துக்காக நான் போட்ட கணக்கையே இங்கே விரித்து வைக்கிறேன்.

கட்டடத்தைச் சொல்லிவிடுகிறேன். தென்சென்னை. தரைத்தளம் முழுக்க பார்க்கிங், மேலே நாலு மாடி, மாடிக்கு ஆறு வீடு, ஆக 24 வீடு. ஒரு லிஃப்ட், ஒரு போர், ஒரு சம்ப். மொட்டைமாடி ஏறக்குறைய 6,000 சதுர அடி. கார்ப்பஸில், அதாவது பெரிய செலவுகளுக்கென்று வீட்டுக்காரர்களிடம் வசூலித்து வைத்த சங்க நிதியில், நாலு லட்சம். "பூமி சூடாகுது, நம்ம பங்குக்கு ஏதாவது பண்ணணும்" என்று பொதுக்குழுவில் எல்லோரும் கை தூக்கினார்கள். எதைப் பண்ணுவது என்றதும் கைகள் நாலு பக்கமாகப் பிரிந்தன.

## எதை வைத்து எடை போடுவது

நாலு கேள்வி வைத்துக்கொண்டேன்.

ஒன்று, பத்து வருடத்தில் மொத்தச் செலவு எவ்வளவு, அதற்கு எத்தனை டன் கரியமில வாயு குறையும். ஆரம்பச் செலவை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். அது எப்படி என்று பின்னால் வருகிறது. இரண்டு, பணம் யாருடையது, பலன் யாருக்கு. மூன்று, தினமும் அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை யார் தலையில் விழும். நாலு, தப்பாகப் போனால் திருத்த முடியுமா.

கணக்குக்கு இரண்டே அளவுகோல். நம் நாட்டு மின்தொகுப்பில் (கிரிட்) பாதிக்கு மேல் நிலக்கரி என்பதால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய 0.7 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் இதைக் கணக்கிட்டு வெளியிடுகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ. இந்த இரண்டு எண்ணையும் ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். விற்க வருபவர் சொல்கிற எந்தக் கணக்கையும் அங்கேயே சரிபார்த்துவிடலாம்.

## சோலார், 5 கிலோவாட்

கணக்கு எளிது. நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் தகடு தினமும் சராசரியாக நாலு யூனிட் தரும். 5 கிலோவாட் போட்டால் வருடத்துக்கு 7,000 யூனிட், அதாவது 4.9 டன் குறையும். நிழல் விழாத 500 சதுர அடி இருந்தால் போதும்.

2024-இல் வந்த பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் தனி வீட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் என்று எல்லோருக்கும் தெரியும். குடியிருப்போர் சங்கத்தின் பொது மின் இணைப்புக்கும் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் உண்டு என்பது பலருக்குத் தெரியவில்லை. எங்களுக்கு மூன்று லட்சம் என்று விலை சொன்னார்கள். 90,000 மானியம் போக 2,10,000.

இங்கேதான் முதல் மறைமுகச் செலவு. மொட்டைமாடியில் துணி காய வேண்டும், வடாம் பிழிய வேண்டும், சாயங்காலம் பிள்ளைகள் ஓட வேண்டும். தகட்டைத் தரையோடு சாய்த்து வைத்தால் அந்த இடம் போனது. எட்டடி உயரத்தில் கம்பிச் சட்டம் போட்டால் கீழே நடமாடலாம்; அதற்கு 40,000 கூடுதல். உயரம் கூடக்கூடக் காற்றும் பிடிக்கும். 2016 டிசம்பரில் வர்தா வந்தபோது தகரக் கூரைகள் பறந்ததைப் பார்த்த ஊர் இது. காற்றழுத்தம் தாங்கும் வடிவமைப்பு என்று ஒரு பொறியாளர் கையெழுத்துப் போட்ட தாள் இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது, கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடும். பேட்டரி இல்லாத, தொகுப்போடு இணைந்த சோலார் அப்படித்தான் வேலை செய்யும். லைன்மேன் கம்பத்தில் ஏறியிருக்கும்போது நம் மாடியிலிருந்து மின்சாரம் போனால் அவர் கதி என்ன? அந்தப் பாதுகாப்புக்காக இன்வெர்ட்டர் (தகட்டு மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் பெட்டி) தானாகவே அணைந்துகொள்ளும். "கரண்ட் கட்டே இருக்காதுன்னு சொல்லித்தானே காசு வாங்கினீங்க" என்று பின்னால் யாரும் கேட்காமலிருக்க, பொதுக்குழுவிலேயே இதை அறிவித்துவிடுங்கள்.

மூன்றாவது, பலரும் கோட்டைவிடும் இடம். லிஃப்ட் உள்ள கட்டடத்தின் பொது இணைப்புக்கு ஈபி யூனிட்டுக்கு எட்டரை ரூபாய்க்கு மேல் வாங்குகிறது. (பத்து வீட்டுக்குள், மூன்று மாடிக்குள், லிஃப்ட் இல்லாத சின்னக் கட்டடங்களுக்கு 2023 அக்டோபரில் 8.15 ரூபாயிலிருந்து 5.50 ஆகக் குறைத்தார்கள். உங்களுடையது அந்த வகை என்றால் சோலாரின் லாபமும் அந்த அளவுக்குக் குறையும்.) நாம் தயாரித்து அப்போதே நாமே செலவழிக்கும் யூனிட்டுக்கு அந்த எட்டரை ரூபாய் முழுதாக மிச்சம். தொகுப்புக்கு அனுப்பும் யூனிட்டுக்கு எவ்வளவு மிச்சம் என்பது உங்கள் இணைப்பு நெட் மீட்டரா (அனுப்பும் யூனிட்டை வாங்கும் யூனிட்டில் அப்படியே கழிப்பது), நெட் ஃபீட்-இன்னா என்பதைப் பொறுத்தது. ஃபீட்-இன் என்றால் அனுப்பும் யூனிட்டுக்குக் கிடைக்கும் விலை, நாம் வாங்கும் விலையைவிட நன்றாகவே குறைவு. உங்கள் கட்டண வகைக்கு எது, நெட்வொர்க் கட்டணம் (ஈபி கம்பியைப் பயன்படுத்துவதற்கு) உண்டா, இந்த இரண்டையும் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். விற்பவர் வாயால் சொல்வது பில்லில் வராது.

எங்கள் வாட்ச்மேன் அண்ணன் காலை ஐந்தரைக்கு மோட்டார் போடுவார். பத்து வருடப் பழக்கம். சூரியன் எட்டிப்பார்க்கும் முன்பே அன்றைய பெரிய செலவு முடிந்துவிடும். அதைப் பதினொன்றரைக்கு மாற்ற ஒரு டைமரும் நாலு நாள் சண்டையும் ஆயிற்று ("குளிக்கிற நேரத்துல தண்ணி நின்னா?"). மேல்தொட்டியை மதியமே நிரப்பி வைத்தால் மறுநாள் காலைக்கும் போதும் என்று இரண்டு வாரத்தில் தெரிந்தது. 700 ரூபாய் டைமர். ஃபீட்-இன் இணைப்பில் இந்த ஒரு மாற்றம் இல்லையென்றால், சோலார் லாபத்தில் பெரிய ஓட்டை.

பத்து வருடத்துக்கு: சட்டத்தோடு 2.5 லட்சம், துடைக்கவும் எட்டு பத்து வருடத்தில் இன்வெர்ட்டர் மாற்றவும் இன்னொரு 50,000. தடுப்பது 48 டன். மிச்சமாவது வருடம் 59,000 வரை.

## வெள்ளைக் கூரை

நாலாம் மாடியில் ஒரு பாட்டி இருக்கிறார். மே மாதம் ராத்திரி பதினொரு மணிக்கு அவர் வீட்டுச் சுவரில் கை வைத்துப் பார்த்தேன். வெயில் போய் ஐந்து மணி நேரம் ஆகியும் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தின் பக்கவாட்டைத் தொட்டது போலிருந்தது. பகலெல்லாம் கான்கிரீட் குடித்த வெயிலை ராத்திரி முழுக்க வீட்டுக்குள் துப்பும். பாட்டி வீட்டில் ஏசி இருக்கிறது. பில்லுக்குப் பயந்து ஒரு மணி நேரம் போட்டு அணைத்துவிடுவார்.

கூரையை வெள்ளையாக்கினால் வெயிலின் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். அறைக்குள் இரண்டு முதல் நாலு டிகிரி வரை இறங்கும். புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. தளத்துக்குச் சுண்ணாம்பு பூசும் வழக்கம் நம் ஊர்ப் பழைய வீடுகளில் இருந்ததுதான். தெலங்கானா 2023-இல் இதற்கென்றே கூல் ரூஃப் கொள்கை கொண்டுவந்தது. தமிழ்நாடு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. பேரிடர் என்று அரசே சொன்ன பிறகு, மேல்மாடிக்காரரின் வேர்வையை அவர் சொந்தப் பிரச்சினை என்று தள்ள முடியாது.

வழி இரண்டு. கூல் ரூஃப் பெயின்ட் சதுர அடிக்கு 20 ரூபாய், ஆக 1,20,000. நாலைந்து வருடம் தாங்கும். இல்லையென்றால் கிளிஞ்சல் சுண்ணாம்போடு ஃபெவிகால் கலந்து இரண்டு கோட். எங்களுக்கு 18,000-க்கு முடிந்தது. ஆனால் வடகிழக்குப் பருவமழை கழுவிக்கொண்டு போய்விடும், வருடாவருடம் அடிக்க வேண்டும்.

மிச்சத்துக்கு என் கணக்கு அனுமானம்தான்: மேல்மாடி ஆறு வீட்டிலும் வெயில் காலம் 150 நாளுக்குத் தினம் இரண்டு யூனிட் ஏசி செலவு குறைந்தால் 1,800 யூனிட், 1.26 டன். பத்து வருடத்துக்குப் பன்னிரண்டு டன்னுக்குக் கொஞ்சம் மேல். காகிதத்தில் இது தோற்கும் தெரிவு. பாட்டி ஏசியே போடாமல் தூங்கிய ராத்திரி எந்தக் கட்டத்திலும் வராது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மறைமுகச் செலவுகள்: விரிசல் அடைக்காமல் பூசினால் ஒரே மழையில் தோல் உரியும், எங்கள் தளத்து ஓடுகளின் இணைப்புகளைச் சரிசெய்ய மட்டும் 40,000. ஈரத்தில் வழுக்கும். பக்கத்து உயரமான கட்டடத்துக்காரர் கண் கூசுகிறது என்பார். மழைநீர் சேகரிப்புக் குழாய் சம்புக்குப் போகிறதென்றால் முதல் இரண்டு மழைத் தண்ணீரை வெளியே திருப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் சுண்ணாம்பு குடிப்பீர்கள்.

ஒரு முக்கிய விஷயம். சோலார், வெள்ளை இரண்டும் செய்வதாக இருந்தால் விரிசல் முதலில், வெள்ளை அடுத்து, சோலார் கடைசியில். தகடு 25 வருடம் அங்கேயே நிற்கும். அதன் கால்களுக்கு அடியில் கசிவு வந்தால் சட்டத்தையே கழற்ற வேண்டியிருக்கும். இந்த வரிசையை மாற்றிச் செய்த ஒரு கட்டடம் எனக்குத் தெரியும். பாவம், மூன்றாம் வருடமே அனைத்தையும் இறக்கி ஏற்றினார்கள்.

## பார்க்கிங்கில் சார்ஜிங் வசதி

இளைஞர்கள் எல்லோரும் இதற்குத்தான் கை தூக்கினார்கள். ஆறு பிளக், தனித்தனி சப்-மீட்டர், பாதுகாப்பு சுவிட்ச், வயரிங் எல்லாம் 90,000.

மின்சார ஸ்கூட்டர் என்றதும் புகை பூஜ்யம் என்று நினைக்கிறோம். கணக்கைப் பாருங்கள். தினம் 30 கிலோமீட்டர், வருடம் 9,000. பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 45 கொடுத்தால் 200 லிட்டர், 460 கிலோ. மின்சார வண்டிக்கு சார்ஜிங் இழப்போடு 300 யூனிட், 210 கிலோ. குறைவது 250 கிலோ. நல்லதுதான், ஆனால் பாதிக்குக் கொஞ்சம் அதிகம் மட்டுமே. மீதி, நம் கண்ணில் படாமல் எண்ணூரிலும் நெய்வேலியிலும் புகைகிறது.

"சோலாரிலிருந்து சார்ஜ் பண்ணிக்கலாமே?" பண்ணலாம், ஞாயிற்றுக்கிழமை. மற்ற நாளில் வெயில் இருக்கும்போது வண்டி ஆபீஸில், வண்டி வீட்டுக்கு வரும்போது வெயில் இல்லை. நெட் மீட்டர் என்றால் கணக்கில் நேராகிவிடும், ஃபீட்-இன் என்றால் ஆகாது.

எட்டு வண்டி மாறினால் வருடம் 2 டன், பத்து வருடத்தில் 20. சங்கத்தின் 90,000-ஐ மட்டும் வைத்துப் பார்த்தால் டன்னுக்கு 4,500, நாலிலும் மலிவு. ஆனால் இதில் ஒரு கண்கட்டு இருக்கிறது: வண்டி வாங்கும் லட்சத்துச் சொச்சம் இந்தக் கணக்கில் இல்லை. சங்கம் வழி மட்டும்தான் போடுகிறது, நடப்பது தனி ஆள். யாரும் வாங்காவிட்டால் சுவரில் ஆறு பிளக்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது எங்கள் பார்க்கிங்கில் முழங்கால் தண்ணீர். எலெக்ட்ரீஷியன் வழக்கம்போல இடுப்புயரத்துக்குக் கீழே பெட்டி வைக்கத்தான் வருவார். நெஞ்சளவுக்கு மேலே வைக்கச் சொல்லுங்கள். வெள்ளம் வந்தால் மொத்தத்தையும் துண்டிக்கும் சுவிட்ச் முதல் மாடியில் இருக்கட்டும்.

## உரத்தொட்டி

இதைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டும். ஏனென்றால் நானே இதில் தப்புக் கணக்குப் போட்டேன்.

ஒரு வீட்டில் தினம் அரைக் கிலோ ஈரக்குப்பை. 24 வீட்டுக்கு 12 கிலோ, வருடத்துக்கு 4.4 டன். இது பெருங்குடிக் குப்பைமேட்டுக்குப் போய் அடியில் காற்றில்லாமல் மக்கும்போது மீத்தேன் வரும். நூறு வருடக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைப் போல 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும், இருபது வருடக் கணக்கில் 80 மடங்கு. 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைமேடு பற்றியெரிந்தபோது சுற்றுவட்டாரமே ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எரிந்ததில் எங்கள் வீட்டு வாழைக்காய்த் தோலும் இருந்திருக்கும்.

ஒரு டன் ஈரக்குப்பைக்கு, மேடு எவ்வளவு ஆழம் என்பதைப் பொறுத்து, அரை டன்னிலிருந்து ஒரு டன் கரியமில வாயுவுக்கு ஈடான மீத்தேன் என்று வைத்துக்கொண்டால், எங்கள் கட்டடம் வருடம் 2 முதல் 4 டன் தடுக்கலாம். ஆறு காற்றோட்டத் தொட்டி 30,000 ரூபாய். பத்து வருடத்தில் 20 முதல் 40 டன். டன்னுக்கு ஆயிரம் ரூபாய்! சோலாரையே தூக்கிச் சாப்பிடுகிறதே என்று கமிட்டியில் சந்தோஷமாக அறிவித்தேன்.

அப்போது கூட்டத்தின் ஓரத்தில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார் எங்கள் கட்டடத்தைப் பெருக்கித் துடைக்கும் அக்கா. கேட்டார்: "அதைக் கிளறப்போறது யாரு சார்?"

யாருமே யோசிக்கவில்லை. அதாவது, அவர்தான் என்று எல்லோரும் யோசித்திருந்தோம், சொல்லிக்கொள்ளவில்லை. 24 வீட்டுக் குப்பையைப் பிரித்துப் பார்த்து (ஈரக்குப்பையில் டயப்பரும் பால் கவரும் வரத்தான் செய்யும்), தேங்காய்நார்த் தூள் தூவி, இரண்டு நாளுக்கொருமுறை கிளறி, புழு வந்தால் அள்ளி, மழைக்கு மூடி. தினம் ஒரு மணி நேர வேலை. அவர் சம்பளம் அப்படியே.

மாதம் 3,000 கூடுதல் சம்பளம் வைத்து மறுபடி கணக்குப் போட்டேன். பத்து வருடத்துக்கு 3,60,000. தொட்டியோடு 3,90,000. டன்னுக்கு 10,000 முதல் 20,000. நாலில் மலிவாக இருந்தது ஒரே கேள்வியில் சோலாரைவிட விலை உயர்ந்ததாகிவிட்டது. முன்பு அது மலிவாகத் தெரிந்ததற்குக் காரணம், ஒருவருடைய உழைப்புக்குப் பூஜ்யம் போட்டிருந்தேன், அவ்வளவுதான்.

அதனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. 3,000-ஐ 24-ஆல் வகுத்தால் வீட்டுக்கு மாதம் 125 ரூபாய். கார்ப்பஸிலிருந்து எடுக்காமல், மாதப் பராமரிப்பில் சேர்த்துச் செய்ய வேண்டிய வேலை இது. பிரிக்காமல் கொடுக்கும் வீட்டுக் குப்பையைத் திருப்பி அனுப்பும் உரிமையும் அவருக்கு இருக்க வேண்டும். உரிமை கொடுக்கக் கூச்சப்படும் கட்டடம் தொட்டி வாங்க வேண்டாம். மூன்றே மாதத்தில் நாற்றம், ஆறாம் மாதத்தில் தொட்டி பூந்தொட்டி.

## யார் எவ்வளவு போடுவது

கூட்டத்தில் மூன்றாம் மாடி சார் ஒரு கேள்வி கேட்டார். "அமெரிக்காக்காரன் நூறு வருஷமாப் புகையை விட்டதுக்கு, நான் ஏன் காசு போடணும்?"

கேலி செய்ய வேண்டிய கேள்வி இல்லை. இதுவரை உலகம் எரித்த நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவின் புகையில் ஏறக்குறைய கால்வாசி அமெரிக்காவுடையது. இந்தியாவின் பங்கு மூன்று சதவீதம் அளவில். இன்றைக்கும் ஓர் இந்தியர் வருடத்துக்குச் சராசரியாக இரண்டு டன், ஓர் அமெரிக்கர் பதினாலு டன். இந்த வித்தியாசத்துக்காகத்தான் 1992-இல் ரியோ மாநாட்டில் "பொதுவான, ஆனால் வேறுபட்ட பொறுப்புகள்" என்ற கொள்கையை எழுதினார்கள். பொறுப்பு எல்லோருக்கும், பங்கு அவரவர் விட்ட புகைக்கும் வசதிக்கும் ஏற்ப.

அதே அளவுகோலைத் தெருவுக்குள் கொண்டுவந்தால் சாருக்குச் சங்கடம். எங்கள் பின்தெருவில் ஓட்டு வீடுகள். இரண்டு மாதத்துக்கு அரசு தரும் 100 இலவச யூனிட்டுக்குள்ளேயே பில் முடிந்துவிடும் வீடுகள் அங்கே உண்டு. லிஃப்டும் ஏசியும் உள்ள எங்கள் கட்டடம்தான் இந்தத் தெருவின் அமெரிக்கா. இதைச் சொன்னபோது சார் சிரித்துவிட்டார், ஓட்டு மட்டும் போடவில்லை.

கட்டடத்துக்குள்ளும் அதே சண்டைதான். 850 சதுர அடி வீடும் 1,350 சதுர அடி வீடும் சமமாகக் கொடுப்பதா? கார்ப்பஸ் ஆரம்பத்திலேயே சதுர அடிக் கணக்கில் வசூலானது என்பதால் அதிலிருந்து எடுக்கும் சோலாருக்கும் கூரைக்கும் இந்தக் கேள்வி எழவில்லை. "வெள்ளையடிச்சா மேல்மாடிக்குத்தானே குளிர்ச்சி, அவங்க பாதி கொடுக்கட்டும்" என்று ஒரு பேச்சு வந்தது. முதல் மாடிக்காரர் லிஃப்டில் ஏறுவதே இல்லை, அவர் பராமரிப்புக் கொடுக்கவில்லையா? கூரை என்பது 24 வீட்டுக்கும் கூரை. ஆனால் சார்ஜிங் அப்படியில்லை. பொதுவாகக் குழாய் வரை போடலாம். பிளக்கும் மீட்டரும் வண்டி வைத்திருப்பவர் செலவு.

## ஒரே பார்வையில்

எல்லாம் பத்து வருடக் கணக்கு, எங்கள் கட்டடத்துக்கு. உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

| | சோலார் 5 கிலோவாட் | சுண்ணாம்பு வெள்ளைக் கூரை | சார்ஜிங் வசதி | உரத்தொட்டி |
|---|---|---|---|---|
| மொத்தச் செலவு | 3 லட்சம் | 1.8 லட்சம், விரிசல் வேலை தனி | 90,000 | 3.9 லட்சம், சம்பளத்தோடு |
| குறையும் கரியமில வாயு | 48 டன் | 12 டன் | 20 டன், 8 வண்டி மாறினால் | 20–40 டன் |
| டன்னுக்கு | 6,000 சொச்சம் | 15,000 | 4,500, வண்டி விலை நீங்கலாக | 10,000–20,000 |
| பணம் திரும்புவது | சங்கத்துக்கு, 4–5 வருடத்தில் | மேல்மாடி ஈபி பில்லில் | வண்டிக்காரருக்கு | திரும்பாது, உரம் கிடைக்கும் |
| தினசரி வேலை | மாதம் இருமுறை துடைப்பது | இல்லை | இல்லை | தினம் ஒரு மணி நேரம் |
| தப்பானால் | கழற்றுவது பெரும்பாடு | அடுத்த வருடம் விட்டுவிடலாம் | பிளக் சும்மா கிடக்கும் | நாற்றம், சண்டை |

## பட்ஜெட்டிலேயே வராத ஒன்று

ஒன்றரை டன் ஏசிக்குள் ஏறக்குறைய ஒரு கிலோ கேஸ் இருக்கும். பழையவற்றில் ஆர்-22, அடுத்த தலைமுறையில் ஆர்-410ஏ. பின்னதன் ஒரு கிலோ காற்றில் போனால் இரண்டு டன் கரியமில வாயுவுக்குச் சமம். வாடகைக்காரர் வீடு காலி பண்ணும்போது மெக்கானிக் அவசரத்தில் ஸ்பேனரால் நட்டைத் தளர்த்துவார். "புஸ்ஸ்" என்று பத்து விநாடி. எங்கள் 5 கிலோவாட் சோலாரின் ஐந்து மாத உழைப்பு அந்தப் பத்து விநாடியில் போய்விடும். "கேஸ் லாக் பண்ணிக் கழட்டுங்க" என்று சொன்னால் போதும்; கம்ப்ரசரை ஓடவிட்டு வெளி யூனிட்டுக்குள் கேஸை அடைத்துவிட்டுக் கழற்றுவார். கால்மணி நேர வேலை. புதிதாக வாங்குபவர்கள் ஆர்-32 அல்லது ஆர்-290 பார்த்து வாங்குங்கள். ஆர்-32-இன் தீங்கு ஆர்-410ஏ-யில் மூன்றில் ஒரு பங்குதான். 2016-இன் கிகாலி ஒப்பந்தப்படி இந்தியா இந்த வகை கேஸ்களின் பயன்பாட்டை 2028-இல் ஓர் உச்சவரம்போடு நிறுத்திப் பிறகு குறைக்க வேண்டும். கேஸ் விலை எப்படியும் ஏறப்போகிறது. இதை நோட்டீஸ் போர்டில் ஒட்டினோம். செலவு இரண்டு ரூபாய் ஜெராக்ஸ்.

## எந்தக் கட்டடத்துக்கு எது

லிஃப்ட் உண்டு, பொது பில் கனம், நிழலில்லாத மாடி என்றால் யோசிக்காமல் சோலார். பக்கத்தில் உயரமான கட்டடம் எழும்பப் போகிறது என்று தெரிந்தால் நிறுத்துங்கள். தகட்டின் ஒரு மூலையில் விழும் நிழலே மொத்த வரிசையையும் இழுத்துவிடும். லிஃப்ட் இல்லாத எட்டு வீட்டுக் கட்டடத்துக்குப் பொது சோலார் அவ்வளவு லாபமில்லை. வெள்ளையடித்துவிட்டு, தனி வீட்டுக்காரர்கள் மாடியில் இடம் பிரித்துக்கொண்டு அவரவர் மானியத்தில் சோலார் போடுவது மேல். மேல்மாடியில் முதியவர்கள், கைக்குழந்தைகள் இருந்தால் டன் கணக்கைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் கூரை. சார்ஜிங்குக்கு, ஏற்கெனவே மூன்று பேராவது வண்டி வாங்கி ஜன்னல் வழியே வயர் தொங்கவிட்டிருந்தால் உடனே செய்யுங்கள், அது பூமிக்காக இல்லை, தீ விபத்துக்காக. உரத்தொட்டிக்கு வேண்டியது பணம் இல்லை. பிரித்துக் கொடுக்கும் வீடுகளும், கிளறுபவருக்கு நியாயமான கூலியும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் வேண்டாம்.

நாங்கள் எடுத்தது இது: விரிசலுக்கு 40,000, சுண்ணாம்புக்கு 18,000, சோலாருக்கு 2.5 லட்சம். சோலார் எலெக்ட்ரீஷியன் வரும்போதே பார்க்கிங்குக்கு வெறும் குழாய் மட்டும் இழுத்துவிட்டோம், 9,000 ஆயிற்று. பிளக் வேண்டியவர் தன் மீட்டரிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். மிச்சம் 80,000 சொச்சம் லிஃப்ட் கயிற்றுக்காகக் காத்திருக்கிறது. சுண்ணாம்பைப் பிப்ரவரியிலேயே அடித்துவிடுங்கள், ஏப்ரலில் அந்த மாடியில் வேலை செய்ய ஆளும் வராது, வரச்சொல்வதும் பாவம்.

உரத்தொட்டிக்கு மாதம் 125 என்ற தீர்மானம் மட்டும் நிலுவையில் இருக்கிறது. 24-இல் 15 வீடு கையெழுத்துப் போட்டாயிற்று. மீதி ஒன்பது ஏன் போடவில்லை என்று பட்டியலைப் பார்த்தேன். அதில் ஆறு வாடகை வீடு. குப்பை அவர்களுடையது, ஈபி பில்லும் அவர்களுடையது. பொதுக்குழுவுக்கு நாங்கள் அவர்களைக் கூப்பிடவே இல்லை. இந்த ஞாயிறு சாயங்காலம் ஆறு கதவையும் தட்டப் போகிறேன்.